எச்சம்: சொல்லாமல் விடப்பட்டதைக் கேட்டலும் எழுதுதலும்

பேசுபவர் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் கேட்பவருக்குப் போய்ச் சேர வேண்டிய பொருளைக் குறிக்கத் தமிழில் குறிப்பு, சாடை, பூடகம், மறைபொருள், உள்ளுறை எனப் பல சொற்கள் வழங்கினாலும், இலக்கண நூல்கள் வகை பிரித்து வைத்திருப்பதும், இலங்கை மலையகத் தோட்டங்களில் முதியோரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யப் புறப்படும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் நேரே பயன்படுவதும் எச்சம் என்ற சொல்லே ஆகும். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் தோட்டங்களை முன்வைத்து எழுதப்படும் இந்த இயல், அச்சொல்லின் பொருளையும், பதிவுப் பணியில் அதைக் கையாள வேண்டிய முறையையும் விளக்குகிறது.

சொல்லின் பொருள்

அஞ்சு என்ற வினையிலிருந்து அச்சம் பிறந்தது போல எஞ்சு என்ற வினையிலிருந்து எச்சம் பிறந்தது. எஞ்சுதல் என்பது மிஞ்சி நிற்றல். வாய் பட்டு மிஞ்சிய சோற்றை எச்சில் என்பதும், பறவை கிளையில் விட்டுச் செல்வதை எச்சம் என்பதும், ஒருவர் தமக்குப் பின் உலகில் விட்டுச் செல்லும் மக்களையும் புகழையும் அதே சொல்லால் குறிப்பதும் இந்த வேரிலிருந்து வந்தவை. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் வரும் எச்சம் என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் மக்கள் என்று பொருள் கொண்டார். ஆயினும் புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பார்வையின்மை, செவிடு, கூன் முதலான எட்டுப் பிறவிக் குறைகளை எச்சம் என்றே தொகுத்துச் சொல்கிறார். ஆக, ஒரே சொல் மிச்சத்தையும் குறிக்கிறது, குறையையும் குறிக்கிறது.

இவ்விரு பொருளுள் எதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு முதியவரின் முன் அமர்வது என்பதுதான் பதிவு செய்பவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவாகும். பேச்சு பாதியில் நின்றதைக் குறை என்று எண்ணுபவர், எழுதும்போது அந்த இடத்தைத் தம் சொற்களால் நிரப்பிவிடுவார், அல்லது அந்த வாக்கியத்தையே வெட்டிவிடுவார். அதை மிச்சம் என்று எண்ணுபவரோ, அங்கே ஏதோ வைக்கப்பட்டிருக்கிறது என்று உணர்ந்து, அந்த இடத்தை அப்படியே காப்பார். இந்நூல் இரண்டாவது நிலையையே மேற்கொள்கிறது.

தோட்டத்தில் யாரும் எச்சம் என்ற சொல்லை இப்பொருளில் வழங்குவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அங்கே காதில் விழுபவை வேறு: ‘மனசுல வச்சிக்கிட்டாங்க’, ‘சாடையா பேசுனாங்க’, ‘வாயத் தொறக்கல’, ‘அதச் சொல்லேலாது’. இவற்றுள் கடைசியாக உள்ள ‘சொல்லேலாது’ என்பதைத் தனியே கவனிக்க வேண்டும். ‘சொல்லக்கூடாது’ என்றால் யாரோ விதித்த தடை இருக்கிறது என்றும், ‘சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல’ என்றால் பேச்சை முடிக்கும் விருப்பம் இருக்கிறது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் ‘சொல்லேலாது’ என்பதில் தடையும் இருக்கலாம், சொல்லும் வலு இல்லாமையும் இருக்கலாம், சொல்லி மாளாது என்ற மிகுதியும் இருக்கலாம். மூன்றுள் எது என்பதைக் குரலும் முகமும்தான் காட்டும். எனவே அதைத் தரப்படுத்தி ‘சொல்ல முடியாது’ என்று மாற்றி எழுதுவது பொருளைச் சிதைப்பதாகும்.

இலக்கணம் வகுத்த பத்து

பள்ளிப் பாடத்தில் அறிமுகமாகும் எச்சங்கள் இரண்டு. ‘பறித்த’ என்ற சொல் ஒரு பெயருக்காகக் காத்து நிற்பதால் பெயரெச்சம். ‘பறித்து’ என்ற சொல் ஒரு வினைக்காகக் காத்து நிற்பதால் வினையெச்சம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் இவ்விரண்டோடு நிற்காமல் பிரிநிலை, ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை ஆகிய எட்டையும் சேர்த்துப் பத்து எச்சங்களைக் கூறுகிறது. இவற்றுள் முதல் ஏழும், விடுபட்ட பொருள் இன்னது என்று வாக்கியத்தின் உறுப்பைக் கொண்டே காட்டிவிடக்கூடியவை; சொல்லெச்சம், குறிப்பெச்சம், இசையெச்சம் என்ற கடைசி மூன்றுக்கோ, பின்னால் வந்து முடித்து வைக்கும் சொல் என்று ஒன்று இல்லை என்றும், அவை தத்தம் குறிப்பினாலேயே எஞ்சிய பொருளை உணர்த்தும் என்றும் தொல்காப்பியர் பிரித்துக் காட்டுகிறார். இம்மூன்றின் எல்லைகளை வகுப்பதில் உரையாசிரியர்கள் ஒருவரோடொருவர் வேறுபட்டாலும், பதிவுப் பணிக்கு வேண்டிய அடிப்படைப் பிரிவு அந்த நூற்பாவிலேயே கிடைத்துவிடுகிறது: சில எச்சங்களை மொழியின் துணையால் விளக்கலாம், சிலவற்றுக்குச் சொல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

முதல் வகைக்கு ஒழியிசை நல்ல எடுத்துக்காட்டு. ஒழிந்த சொற்களை ஓர் இடைச்சொல்லின் ஓசையாலேயே உணர்த்துவது ஒழியிசை எச்சம். பழைய உரைகளில், ஒரு வாள் கூர்மையாக இருந்தது என்று சொல்லி ‘மன்’ என்ற இடைச்சொல்லைச் சேர்த்தாலே, சொல்லாமல் ஒழிந்த ஒரு குறை அதற்கு உண்டு என்பது விளங்கிவிடும் என்று காட்டியிருப்பர். இன்றைய தோட்டப் பேச்சில் அந்த ‘மன்’ செய்த வேலையை நீட்டி ஒலிக்கும் ‘தான்’ செய்கிறது. 1972இலும் 1975இலும் நிகழ்ந்த காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறிய காலத்தைப் பற்றிக் கேட்கும்போது, ஒருவர் ‘கம்பெனிக்காரங்க வந்தாங்க, வந்தாங்கதான்…’ என்று இழுத்து நிறுத்துவாராயின், எதிர்பார்த்தது எதுவும் உடன் வரவில்லை என்ற பொருள் அந்த ‘தான்’ என்ற ஒலிக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஒலியை விட்டுவிட்டு ‘1992இல் கம்பனிகள் வந்தன’ என்று எழுதினால் தகவல் மிஞ்சும். அவர் சொன்னது போய்விடும்.

ஓர் உம்மைக்குள் இருப்பது

பதிவு செய்பவர் மிகுதியாகத் தவறவிடும் எச்சம் உம்மை எச்சமே. ‘அவனும் வந்தான்’ என்றால் வேறு யாரோ ஏற்கெனவே வந்திருக்கிறார்கள் என்பது பொருளாதலின், சொல்லப்படாத அந்த முன்னவரை ‘உம்’ என்ற இடைச்சொல் தன்னுள் அடக்கிக்கொண்டிருக்கிறது. மலையகத்தின் கடந்த எழுபத்தைந்தாண்டு வரலாற்றில் இந்த உம்மை சுமக்கும் பொருள் பெரியது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பிரித்து, மீந்த 1,50,000 பேரைப் பின்னொரு பேச்சுக்கென ஒதுக்கி வைத்தது. 1974இல் அந்த மீதியும் ஆளுக்குப் பாதியாக, 75,000 என்று பங்கிடப்பட்டது. (அரசுகள் மனிதரை எண்ணியபோதும் ஓர் எச்சத்தை வைத்துத்தான் எண்ணின.) ஹட்டனிலிருந்து தலைமன்னார் நோக்கிப் போன புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர், வழியனுப்ப வந்தவர்களும் பயணம் போனவர்களும் சேர்ந்து அழுத அழுகையே அந்தப் பெயரைத் தந்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி முதலான இடங்கள் எனப் போனவர்களின் பயணம் 1984இல் கப்பல் நிற்கும் வரை தொடர்ந்தது.

இந்தப் பின்னணியோடு, ஒரு மூதாட்டி ‘எங்க சின்ன அண்ணனும் போயிட்டாங்க’ என்று சொல்வதாகக் கொள்ளலாம். இந்த நான்கு சொற்களில் ‘சின்ன’ என்பது பெரிய அண்ணன் ஒருவர் இருந்தார் என்று காட்டுகிறது. ‘உம்’ என்பது அவருக்கு முன்னரே வேறு சிலர் போய்விட்டனர் என்று காட்டுகிறது. ‘போயிட்டாங்க’ என்பதோ அக்கரைக்குப் போனதையும் குறிக்கலாம், இறந்து போனதையும் குறிக்கலாம், சில வேளைகளில் இரண்டையும் ஒருங்கே குறிக்கலாம். இவற்றைக் காதில் வாங்கியவர் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது தானே விளங்கும். ‘எப்போது போனார், எந்த ஆண்டு’ என்று கேட்பவருக்கு ஓர் ஆண்டு மட்டுமே கிடைக்கும்; ‘அவங்களுக்கு முன்னாடி யார் யாரு போனாங்க அம்மாயி?’ என்று கேட்பவருக்கு ஒரு லயமே (தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியான வரிசை கிடைக்கக்கூடும். எச்சத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கப்படும் கேள்வி புதிய கதவு எதையும் உடைப்பதில்லை. பேசுபவரே திறந்து வைத்த கதவின் வழியாகத்தான் செல்கிறது. அதனால் அது அவரைப் புண்படுத்துவது குறைவு.

இதே உம்மையின் மறுபக்கம் பிரிநிலை எச்சம். ‘நாங்கதான் இங்க நின்னுட்டோம்’ என்னும்போது, பிரித்துக் காட்டும் அந்தத் ‘தான்’ நிற்காமல் போனவர்களைச் சொல்லாமல் சொல்கிறது. மொழிபெயர்க்கும்போது இவ்விரண்டும் முதலில் உதிர்ந்து விடுபவை என்பதால் தனிக் கவனம் வேண்டும். சிங்களத்தில் ஆக்குபவருக்கு இதில் ஒரு வசதி உண்டு: ‘மம’ என்றால் நான், ‘மமத்’ என்றால் நானும் என்று, அம்மொழியிலும் சொல்லின் இறுதியில் ஒட்டும் ஓர் ஒலியே உம்மைப் பொருளைத் தருகிறது. அந்த ஒட்டை மறவாமல் இடுவது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு.

எழுவாய் இல்லாத வினைகள்

தமிழ் வினைமுற்றின் விகுதியே திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டிவிடுவதால் எழுவாயைச் சொல்லாமல் விடுவது இயல்பான வழக்கு. அதைத் தோன்றா எழுவாய் என்பர். ஆயினும் தோட்ட வாழ்வை விவரிக்கும் பேச்சில் ‘கூப்பிட்டாங்க, போனோம்’, ‘கையெழுத்து வைக்கச் சொன்னாங்க, வச்சோம்’, ‘நெருப்பு வச்சாங்க’ என்று வரும் வாக்கியங்களில், ‘ஆங்க’ என்ற பன்மை விகுதிக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது பல வேளைகளில் வெளிப்படையாக இருப்பதில்லை. பெரியதுரையா, கணக்கப்பிள்ளையா, கண்டக்கையாவா, தொழிற்சங்கத் தலைவரா, அரச அலுவலரா, பக்கத்து நாட்டிலிருந்து வந்தவர்களா என்று பல விடைகளுக்கு அந்த விகுதி இடம் தருகிறது. (தோட்டத்தார் வழக்கில் ‘நாடு’ என்பது தோட்டத்தைச் சூழ்ந்த சிங்களக் கிராமத்தைக் குறிக்கும், இலங்கை என்ற நாட்டைக் குறிப்பதாக எண்ணி எழுதியவர்கள் உண்டு.)

இத்தகைய இடத்தில் எழுதுபவர் அடைப்புக்குறிக்குள் ‘தோட்ட நிர்வாகம்’ என்றோ ‘கும்பல்’ என்றோ இட்டு நிரப்புவது பெரும் பிழை. ஒன்று, அது தவறாக இருக்கலாம். மற்றொன்று, சரியாகவே இருந்தாலும், சொன்னவர் அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கலாம். அந்தக் காரணம் அடுத்த காம்பராவில்கூட வசிக்கலாம். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் மலையகத்தையும் தொட்டன. அவற்றைப் பற்றிப் பேசும்போது ‘எண்பத்திமூணுல…’ என்று ஆண்டை மட்டும் சொல்லி நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. ஆண்டின் பெயரே அங்கே முழு வாக்கியமாகிவிடுகிறது. 1973–74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தை, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்த அந்தக் காலத்தை, ‘சிறிமா காலம்’ என்று இரு சொல்லில் சொல்லி முடிப்பதும் அவ்வாறே. இவை தொல்காப்பியர் பிரித்துக் காட்டிய குறிப்பெச்சத்தின் பாற்பட்டவை. பின்வந்து முடிக்கும் சொல் இவற்றுக்கு இல்லை. கேட்பவர் தம்மிடமுள்ள ஒரு சொல்லை எடுத்து அங்கே வைத்தால், அது முதியவரின் வாக்குமூலமாக அச்சில் நின்றுவிடும்.

எச்சமெனத் தோன்றி எச்சமாகாதவை

சொல்லப்படாததைத் தேடும் ஆர்வத்தில், வெளிப்படையாகச் சொல்லப்பட்டதையே மறைபொருள் என்று கொள்ளும் ஆபத்தும் உண்டு. ‘அன்னிக்கு எனக்குப் பேர் இல்ல’ என்று ஒரு பெண் சொன்னால், அடையாளம் இழந்த துயரை அவர் உருவகமாகச் சொல்கிறார் என்று வெளியூர் மாணவர் எழுதிவிடக்கூடும். தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் முழு நாள் பதியப்பட்டால் ஒரு பேர், குறித்த எடைக் கொழுந்து சேராவிட்டால் அரைப்பேர். ஆகவே ‘பேர் இல்ல’ என்றால் அன்று வேலையும் கூலியும் இல்லை என்பதே நேர்ப்பொருள். ‘மலைக்குப் போனாங்க’ என்றால் தேயிலை மலையில் வேலைக்குப் போனார்கள் என்று பொருள். ‘பெரட்டு’ என்பது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடமும் நேரமும். இவை ஒரு தொழிற்கூட்டத்தார் தமக்குள் வழங்கும் குழூஉக்குறி என்ற வகையைச் சேர்ந்தவை. தோட்டத்தில் பிறந்த எவரிடம் கேட்டாலும் விளக்கிவிடுவர்.

இடக்கரடக்கலும் மங்கலமும் இவ்வாறே வேறுபட்டவை. சொல்லத் தகாததை மறைத்து வேறு சொல்லால் கூறுவது இடக்கரடக்கல். மங்கலமல்லாததை மங்கலமாகக் கூறுவது மங்கலம். இவற்றில் ஒரு சொல்லின் இடத்தில் இன்னொரு சொல் வந்துவிடுகிறது, இடம் வெறுமையாய் இருப்பதில்லை. எச்சத்திலோ இடம் வெறுமையாகவே நிற்கிறது. மூத்த பெண்கள் கணவரின் பெயரைச் சொல்லாமல் ‘அவங்க’ என்றும், மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாருடைய அப்பா என்றும் குறிப்பது மரபு. பெயர் வேண்டுமென்று அவரை நெருக்கக்கூடாது. பேரப்பிள்ளையிடம் கேட்டாலோ, அவரே காட்டும் அடையாள அட்டையைப் பார்த்தாலோ அது கிடைத்துவிடும். அந்தப் பெயரை விவரக்குறிப்பில் எழுதலாமே ஒழிய, அவர் பேசிய வாக்கியத்துக்குள் நுழைக்கக்கூடாது.

சாதியைப் பற்றிய பேச்சு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ‘அவங்க நம்ம ஆளுங்க’, ‘அவங்க வேற ஆளுங்க’ என்பதில் ‘ஆள்’ என்ற சொல் மேற்பார்வைக்கு வெறும் மனிதரைக் குறித்தாலும், திருமணப் பேச்சிலும் சாவு வீட்டுப் பேச்சிலும் அது எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்பவரும் கேட்பவரும் அறிவர். இதை விளக்கக் குறிப்பில் தயங்காமல் எழுத வேண்டும். மலையக வரலாற்றைத் தோட்ட நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையிலான கதையாக மட்டும் எழுதி, தொழிலாளருக்குள்ளேயே இருந்த ஏற்றத்தாழ்வைச் சொல்லாமல் விடுவது பதிவு செய்பவரின் சொந்த எச்சமாகிவிடும். அதற்குப் பேசியவரைப் பொறுப்பாக்க முடியாது.

களமும் கேட்போரும்

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக முப்பத்து நான்கைத் தொகுக்கையில் கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்ற ஏழையும் அடுத்தடுத்து வைக்கிறது. களன் என்பது பேச்சு நிகழும் இடம். மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படுதல். முன்னம் என்பது இந்தப் பேச்சை இன்னார் இன்னாரிடம் சொல்லக்கூடும் என்று உணர வைக்கும் பொருத்தம். செய்யுளுக்கென வகுக்கப்பட்ட இந்த வரிசை, ஒரு வாய்மொழிப் பதிவின் முகப்புப் பக்கத்துக்கு அப்படியே பொருந்துகிறது. யார் கேட்டார், எங்கே, எப்போது என்பவை தெரியாமல் எது ஏன் சொல்லப்படவில்லை என்பதை உணர முடியாது என்பதை அந்த அடுக்குமுறையே காட்டுகிறது.

களத்தை எடுத்துக்கொண்டால், பழைய லயத்தில் ஒரு காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவே இருக்கும். இரு குடும்பங்களைப் பிரிக்கும் சுவர் பல லயங்களில் கூரை வரை எட்டுவதில்லை. பதிவு செய்பவர் இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) ஒரே ஒருவரிடம் பேசுவதாக எண்ணிக்கொண்டிருக்க, பேசுபவரோ சுவருக்கு அப்பாலுள்ளவர்களையும் சேர்த்துத்தான் கேட்போராகக் கணக்கிடுகிறார். அங்கே குரல் தாழ்ந்து நின்ற ஒரு வாக்கியம், கோயிலுக்குப் போகும் வழியிலோ தேயிலைக்கு நடுவே உள்ள குறுக்குப் பாதையிலோ தானே தொடரலாம். இருக்கும் இடத்திலேயே மேலும் கேட்பதைவிட, ‘கொஞ்சம் நடந்துட்டு வருவமா?’ என்று அழைப்பது பலமுறை பயன் தரும்.

காலத்தைப் பொறுத்தவரை, மாலை நிறுவை முடிந்து கூடையை இறக்கி வைத்த கையோடு யாரையும் பேசச் சொல்லக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை முற்பகலே ஏற்றது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் விழும் ஓசை, ஒலிப்பதிவில் மெல்லிய குரலையும் நிறுத்தத்தையும் ஒருசேர விழுங்கிவிடும் என்பதால், சனவரி முதல் மார்ச் வரையிலான உலர்ந்த மாதங்களைத் தேர்ந்துகொள்வது நல்லது.

மெய்ப்பாட்டை எழுதாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்குச் சுட்டுச் சொற்களே போதிய சான்று. பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்து வளவில், 1879இல் இறந்த பிரித்தானிய நிழற்படக் கலைஞர் சூலியா மார்கரெட் கமரோனின் கல்லறை இருக்கிறது. கல்லில் பெயர் இருப்பதால் எந்த நாட்டிலிருந்து வந்தவரும் அதைத் தேடிக் கண்டுவிடுகிறார். அதே பள்ளத்தாக்கில் கோப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்கத்திலும் காடு வெட்டி மாண்டவர்களின் இடத்தைக் கேட்டால், முதியவர் ஒருவர் ‘அங்கதான்’ என்று கையை நீட்டுவார். ஒலிப்பதிவில் எஞ்சுவது ‘அங்கதான்’ என்ற ஒரு சொல் மட்டுமே. கை நீண்ட திசை, அந்தச் சரிவில் உள்ள மலையின் எண், பக்கத்தில் ஓடும் கானோ நிற்கும் மரமோ எது என்பவற்றை அந்தக் கணமே எழுதிக்கொள்ளாவிட்டால், அந்த இடம் இரண்டாம் முறையும் பெயரற்றதாகிவிடும்.

பேச்சில் நின்றுபோனது பாட்டில் வரக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒப்பாரி மரபு, உறவினர் மீதான மனக்குறையையும் வாழ்வின் இழிவுகளையும் பலர் முன்னிலையில் பாட ஒரு பெண்ணுக்கு உரிமை தருகிறது. நேர்ப்பேச்சில் வாய் திறவாதவர்கூட அங்கே பாடிவிடுவார். ஆனால் உயிரோடிருப்பவர்கள் நிறைந்த வீட்டில் ஒப்பாரி பாடச் சொல்லிக் கேட்பது அமங்கலம் எனப்படும். அதைக் கேட்கவே கூடாது. தாமாகச் சொல்ல முன்வந்தால் வீட்டுக்கு வெளியே அமர்ந்து கேட்கலாம்.

எழுதும் முறை

பதிவை எழுத்தாக்குகையில் எச்சத்தைக் காக்கக் கைக்கொள்ள வேண்டிய முறை எளியது. வாக்கியம் முடியாமல் நின்ற இடத்தில் மூன்று புள்ளி இட வேண்டும். நிறுத்தம் நீண்டால் சதுர அடைப்புக்குள் ‘நிறுத்தம்’ என்றும், அதன் பின் பேசுபவர் வேறு பொருளுக்குத் தாவினால் ‘பேச்சு மாறுகிறது’ என்றும் எழுதலாம். ஏன் மாறியது என்று அங்கே எழுதக்கூடாது. ‘கண்ணீர் மல்க’, ‘துயரத்தோடு’ போன்ற அடைகளைச் சேர்ப்பதும் தவறு. ‘முந்தானையால் முகத்தைத் துடைத்தார்’ என்று கண்டதை எழுதினால் போதும், அது வியர்வையாகவும் இருந்திருக்கலாம். எழுதுபவருக்கு ஓர் ஊகம் இருக்குமாயின், அதைப் பக்கத்தின் அடியில், தம் ஊகம் என்று வெளிப்படக் குறித்துத் தனியே எழுத வேண்டும்.

இடைச்சொற்களைத் திருத்தவே கூடாது. உம், தான், ஏ, ஓ, மட்டும், கூட ஆகியவை எச்சத்தைத் தாங்கும் தூண்கள். ‘இருந்திச்சி’, ‘போயிட்டாங்க’, ‘ஏலாது’ ஆகிய வழக்குகளைத் தரமொழிக்கு மாற்றாமல், வேண்டுமானால் அருகே விளக்கம் தரலாம். பள்ளிகளில் இதை மாணவரைக் கொண்டு செய்விக்கும் ஆசிரியர்கள், பிழை திருத்தும் சிவப்புப் பேனாவை இந்த ஒரு பணியில் மட்டும் ஒதுக்கி வைக்கும்படி வேண்டப்படுகிறார்கள். தம் பாட்டியின் பேச்சு கொச்சை என்று ஒரு பிள்ளை எண்ணத் தொடங்கினால், அடுத்த முறை அப்பிள்ளையே அதைத் திருத்திக்கொண்டு வரும்.

எழுதி முடித்ததை அச்சுக்கோ காப்பகத்துக்கோ அனுப்பும் முன்னர், பேசியவருக்கே அதை முழுதும் வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்தறியாதவருக்குப் படித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கும் பழக்கம் இந்தத் தோட்டங்களில் எவ்வளவு கேட்டை விளைவித்தது என்பதை அறிந்தவர்கள், அதே செயலை நல்ல நோக்கத்தோடுகூடச் செய்தல் ஆகாது. வாசிக்கையில் ‘இத எடுத்துருங்க’ என்று அவர் சொன்னால் எடுத்துவிட வேண்டும். எடுத்ததற்கான அடையாளமாகச் சதுர அடைப்புக்குள் ‘பேசியவர் விருப்பப்படி நீக்கப்பட்டது’ என்று மட்டும் இருக்கட்டும். சிலர் அந்த நேரத்தில்தான், மூன்று புள்ளி இட்ட ஓரிடத்தைக் கேட்டவுடன், ‘அது என்னான்னா…’ என்று தொடங்குவார்கள். அதற்காகக் கருவியை மீண்டும் இயக்கும் வகையில் அருகில் வைத்திருக்க வேண்டும்.

1964இல் இருபது வயதாயிருந்தவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார். பொகவந்தலாவையின் ஒவ்வொரு லயத்திலும் அத்தகையோர் இன்று ஓரிருவரே இருக்கக்கூடும். நல்ல கருவியும் நிதியும் வரட்டும் என்று காத்திராமல், கையிலுள்ள தொலைபேசியையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு, வரும் ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் முன் போய் அமருமாறு இதைப் படிப்பவர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.